நாலு எழுத்துக் கல்லறைக் கல்லும் காலண்டர் தாளும்: ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பீரியட்

ஐரோப்பாவில் பல மதத்தார் கலந்து வாழ்ந்ததைச் சொல்ல நாடு நாடாக ஓட வேண்டாம். சிசிலியின் பலெர்மோவில் உள்ள ஒரு கல்லறைக் கல் போதும். வடக்கு பிரான்சிலிருந்து வந்து சிசிலியைப் பிடித்த நார்மன்களின் அரசர் ஆட்சியில், 1149-இல், கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. நடுவில் சிலுவை, சுற்றிலும் லத்தீன், கிரேக்க, அரபி எழுத்துகள், யூதர்களின் ஹீப்ரு எழுத்துகள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை ஒவ்வொருவரும் முந்தின நாளே எடுத்துவைக்கட்டும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி (இஸ்லாமிய) தேதி மூன்றையும் வட்டமிட்ட பிறகு கல்லின் படத்தைக் காட்டுங்கள். அன்னா இறந்த ஆண்டு லத்தீனில் 1148, அரபியில் ஹிஜ்ரி 543. ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

"நாலு மொழி, நாலு மதம்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். இரண்டும் தப்பு. ஹீப்ரு எழுத்தில் இருப்பதும் அரபி மொழிதான்; ஆக மொழி மூன்று. அரபுத்தமிழைச் சொன்னால் சட்டெனப் பிடிபடும்: தமிழ்தான், எழுத்து மட்டும் அரபி. அந்தக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பம். அப்படியானால் மற்ற எழுத்துகள் யார் படிக்க? இதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: வேலூர் லாங் பஜாரில் பத்துக் கடைப் பலகைகளைப் பார்த்து எந்த எழுத்து பெரிது, எது ஓரத்தில் என்று குறித்து வரட்டும்.

இரண்டாம் பீரியடுக்கு 170 செ.மீ. நூல். பத்து ஆண்டுக்குப் பத்து செ.மீ. தொடக்கம் 1130, இரண்டாம் ரோஜர் சிசிலியின் அரசராக முடிசூடியது. 19-ஆம் செ.மீ.-இல் கல், 24-இல் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி ரோஜருக்காக வரைந்த உலக வரைபடம். 59-இல் முஸ்லிம்கள் மீதான தாக்குதல்கள். 90-ஐத் தாண்டியதும் பின்னாளில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் முஸ்லிம்களை இத்தாலியின் லூசெராவுக்குப் பெயர்த்தனுப்பத் தொடங்குகிறார். நுனியில் 1300: லூசெராவின் முஸ்லிம் குடியிருப்பு அழிக்கப்படுகிறது, பலர் அடிமைகளாக விற்கப்படுகிறார்கள்.

முதல் பீரியடோடு நிறுத்தினால் பாடம் வெறும் வாழ்த்துமடல் ஆகிவிடும். நல்ல காலத்திலும் முஸ்லிம்களும் யூதர்களும் தனி வரி கட்டினார்கள் என்பதை நூலின் மேலேயே எழுதுங்கள்.

நம் வேலூர்க் கோட்டைக்குள் கோயில், மசூதி, சர்ச் இருப்பதைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலிலேயே சொன்னால் "ஒற்றுமை" என்ற ஒரே வார்த்தையில் விடை முடிந்துவிடும். ஒவ்வொன்றும் எழும்பியபோது கோட்டை யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். செயின்ட் ஜான் சர்ச்சின் 1846-லிருந்து தொடங்கினால் எளிது.