விரிசலைப் பூசுவதற்கு முன் கடைக்காலைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் சுவரில் கீறல் விட்டால் முதல் பழி குவாரி வெடிக்குத்தான். பெங்களூரில் வீடு வாங்கிப் போட்டிருக்கும் நம்ம ஆட்கள் என்றால் மெட்ரோவைத் திட்டுவார்கள். ஆனால் சுரங்கம் தோண்டும்போது வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அதிர்வு இல்லை. தோண்டிய இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் நகரும், மேலே தரை தாம்பாளம் மாதிரி லேசாகக் குழியும். வீடு மொத்தமும் ஒரே அளவு இறங்கினால் சமாளித்துவிடலாம், ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் கிளம்பும். தண்ணீர் புகுந்தால் இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் கடைசியில் கொல்கத்தா பவ்பஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மாட்டி, தண்ணீரோடு மண்ணும் சுரங்கத்துக்குள் இறங்க, மேலே இருந்த பழைய வீடுகள் இடிந்தன.

நம்ம ஊரில் நடக்கும் பெரிய தவறு வேறு. "கீழே பாறைதானே, என்ன பயம்?" தர்மபுரியில் சரிவு மனையில் கட்டிய ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பார்த்தேன். மேல்புறம் இரண்டடியில் பாறை தட்டிவிட்டது, கீழ்ப்புறம் ஆளுயரத்துக்குக் கிராவல் கொட்டி நிரப்பியது, மேஸ்திரி இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் கடைக்கால் எடுத்துவிட்டார். பாறை முடிகிற இடத்தில் சரியாக, அளந்து வைத்ததுபோல, ஹாலின் நடுவே கீறல். இதற்கு நிலநடுக்கமே தேவைப்படவில்லை, ரெண்டு மழை போதுமாக இருந்தது. நிலம் குலுங்கினால் பாறைமேல் இருக்கும் பாதி ஒரு மாதிரியும் மண்மேல் இருக்கும் பாதி வேறு மாதிரியும் ஆடும், கொட்டிய மண் அந்தக் குலுக்கலிலேயே இன்னும் அமரும். பில்லர் குழியைக் கொட்டிய மண்ணைத் தாண்டி கெட்டித் தரை வரை இறக்கி, எல்லா பில்லரையும் பிளின்த் பீமால், அதாவது தரை மட்டத்தில் பில்லர்களை இணைக்கும் கான்கிரீட் உத்தரத்தால், கட்டியிருக்க வேண்டும். செலவுதான், தெரியும்.

அப்புறம், நிலநடுக்கம் எங்கேயோ தூரத்தில் வருவது என்ற நினைப்பு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே சுவரே இல்லாமல் கார் நிறுத்த வெறும் பில்லரில் நின்றவை. ஓசூரில் இப்போது எழும்புகிற கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

கீறலைக் கண்டதும் பட்டி பூசி மறைக்காதீர்கள். இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடினால் கொத்தனாரைக் கூப்பிடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் குவாரியோ சுரங்க வேலையோ தொடங்கப் போகிறது என்றால், அதற்கு முன்பே வீடு முழுக்கத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பிறகு போய் நின்றால், "இது பழைய விரிசல் சார்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள்.