‘ஹோல் நைன் யார்ட்ஸ்’: பிறந்த கதையைச் சொல்லும் முன்

அமெரிக்கர் ஒருவர் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்றால், ஒன்று விடாமல் எல்லாம் என்று பொருள். அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை. அதனால் மொழிபெயர்க்கும்போது ‘முழு ஒன்பது கெஜம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘அத்தனையும்’ என்றாலே போதும்.

இதைவிடப் பெரிய தவறு, இந்தத் தொடர் பிறந்த கதையைச் சொல்லும்போது நடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானத்தின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது 9 கெஜம் இருந்ததாம். எதிரி மேல் மொத்தத்தையும் சுட்டுத் தீர்த்த விமானி, ‘ஒன்பது கெஜத்தையும் கொடுத்தேன்’ என்றாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1907இலேயே இண்டியானா மாநிலத்தின் மிட்செல் என்ற சிற்றூர்ப் பத்திரிகையில் ‘ஃபுல் நைன் யார்ட்ஸ்’ வந்துவிட்டது, அதுவும் உள்ளூர் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய செய்தியில். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது நான்கு வருஷம்கூட ஆகவில்லை!

சரி, பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று உடனே முடிவுகட்டுவதும் தவறு. 1912இல் கென்டக்கியின் மவுண்ட் வெர்னான் பத்திரிகை ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ என்று எழுதியது. ஒரே கட்சியைச் சேர்ந்த அரசியல் தலைவர்களான ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் மோதிக்கொண்டிருந்த நேரம். சண்டை முற்றினால் ஆறு கெஜத்தையும் சொல்லிவிடுவார்கள் என்றது அந்தப் பத்திரிகை. 1921இல் தென் கரோலினாவிலும் ஆறு கெஜம்தான் தலைப்பில் வந்தது. கான்கிரீட் லாரி, ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட் பாவாடை, பாய்மரக் கப்பல் என்று ஒன்பதைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கதைகள் எல்லாம் இந்த ஆறுக்கு முன்னால் நிற்காது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று நாம் கேட்கும்போது யாராவது நாலு பேரை எண்ணிப் பார்க்கிறோமா? இங்கேயும் எண் அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. (ஆறும் ஒன்பதும் என்றதும் நமக்குப் புடவை நினைவுக்கு வரும். அந்த வழியிலும் போக வேண்டாம்.)

நீண்ட காலம் 1960களுக்கு முந்தைய சான்று எதுவும் ஆய்வாளர்கள் கையில் இல்லை. அதனால்தான் போர்க்கதை இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. பழைய செய்தித்தாள்கள் கணினியில் தேடக் கிடைத்த பிறகு, ஆறு கெஜம் வெளிவந்ததே 2012இல்தான். எனவே அதற்கு முன் அச்சான நூலை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

அப்புறம், அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தது என்ற கதையும் பொருந்தாது. அதில் பந்தைத் தொடர்ந்து தன் வசம் வைத்திருக்க, ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒன்பதோடு நின்றால் ஒரு கெஜம் குறையும்.