நெட் போனாலும் அலாரம் அடிக்கணும்: கடலூர் ஓடி கோல்ட் ரூமுக்கு ஒரு எட்ஜ் பெட்டி

எட்ஜ் கம்ப்யூட்டிங்னு (தூரத்து சர்வரை நம்பாம, சென்சார் இருக்குற இடத்துலயே கணக்கு போட்டு முடிவு எடுக்கறது) தேடினாலே ஃபைவ் ஜி, டிரைவர் இல்லாத கார்னு தான் வருது, அதைப் பார்த்துட்டு நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு பல பேர் மூடிட்டு போயிடறாங்க. ஆனா கடலூர் ஓடி (ஓல்ட் டவுன்) துறைமுகம் பக்கமோ புதுச்சேரி தேங்காய்த்திட்டு பக்கமோ ஒரு மீன் கம்பெனி கோல்ட் ரூமை நினைச்சுப் பாருங்க, உள்ள மைனஸ் 18 டிகிரில இறாலும் கணவாயும் அடுக்கி வெச்சிருக்கு, நடுராத்திரி கம்ப்ரஸர் நின்னுடுச்சு, சென்சார் அதை மும்பைல இருக்குற க்ளவுட் சர்வருக்கு சொல்லி, சர்வர் கணக்கு போட்டு, அலாரம் அடின்னு திருப்பி சொல்லணும். அந்த நேரம் பார்த்து ஃபைபர் அறுந்து கிடந்தா?

வேகம் இங்க பிரச்சனையே இல்ல. ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகுது, மும்பை நம்ம ஊர்லருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, கேபிள் சுத்தி சுத்தி போனாலும் நொடியில ஒரு சின்ன பங்குல போயிட்டு வந்துடும். கேம் ஆடறவங்களுக்கு அது முக்கியம், மீனுக்கு இல்ல. மீனுக்கு முக்கியம் லைன் அறுந்தாலும் முடிவு எடுக்க பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்ங்கறது தான். ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச மகாதேவ் சத்யநாராயணன் 2009-ல மத்தவங்களோட சேர்ந்து 'க்ளவுட்லெட்'னு ஒரு யோசனையை எழுதினாரு, பயன்படுத்துறவர் பக்கத்துலயே ஒரு குட்டி க்ளவுட் வைக்கிறது, அதுக்கு பின்னாடி அவர் சொன்ன காரணங்கள்ல க்ளவுட் தொடர்பு போனாலும் சமாளிக்கலாம்ங்கறதும் ஒண்ணு. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினதுக்கு அப்புறம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம்னு ஞாபகம் இருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

சரி, வேலைக்கு போவோம்.

ஸ்டெப் 1: வாங்க வேண்டியது

ராஸ்பெர்ரி பை 4 ஒண்ணு (உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர், இனிமே சுருக்கமா 'பை'), டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் (ஸ்டீல் குப்பிக்குள்ள வர்ற வாட்டர்ப்ரூஃப் மாடல் தான் வேணும்), 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு ரிலே மாட்யூல் (பை சொன்னா சைரனை ஆன் பண்ற சுவிட்ச்), தனி அடாப்டரோட ஒரு சைரன், டிஎஸ்3231 கடிகார மாட்யூல், நல்ல மெமரி கார்டு. எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும். கூடவே நல்லா மூடி போட்ட ப்ளாஸ்டிக் பெட்டி ஒண்ணு கட்டாயம் வாங்குங்க, துறைமுகம் பக்கம் உப்புக்காத்து பட்டா பின்னெல்லாம் சீக்கிரம் பச்சை பூத்துடும்.

ஸ்டெப் 2: சென்சார் இணைக்கிறது

சென்சார்ல மூணு ஒயர். சிவப்பு ஒயர் பையோட 1-ம் பின்னுக்கு (3.3 வோல்ட்), கருப்பு 6-ம் பின்னுக்கு (கிரவுண்ட்), மஞ்சள் 7-ம் பின்னுக்கு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல அந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், இது இல்லன்னா சென்சார் கண்ணுலயே படாது. சில சென்சார்ல ஒயர் கலர் மாறி வரும், விக்கிறவர் குடுக்கிற படத்தை ஒரு தடவை பார்த்துட்டு கரண்ட் குடுங்க. அப்புறம் பையோட செட்டிங்ஸ்ல இன்டர்ஃபேஸ் பக்கத்துல ஒன்-வயரை (இந்த சென்சார் பையோட பேசுற முறை) ஆன் பண்ணி ரீபூட்.

ரூமுக்குள்ள கதவுகிட்ட மாட்டாதீங்க, ஃபேனுக்கு நேரா எதிர்லயும் மாட்டாதீங்க, சரக்கு அடுக்கின உயரத்துல நடுவுல தொங்கணும். இந்த சென்சார் மைனஸ் 10-லருந்து 85 டிகிரி வரைக்கும் தான் அரை டிகிரிக்குள்ள சரியா காட்டும்னு கம்பெனிக்காரங்க உத்தரவாதம் குடுக்கறாங்க, நம்ம ரூம் அதுக்கும் கீழ, அதனால ஏற்கனவே இருக்குற நல்ல தெர்மாமீட்டரோட பக்கத்துல வெச்சுப் பார்த்து வித்தியாசத்தை குறிச்சுக்கோங்க, ப்ரோக்ராம்ல கழிச்சுக்கலாம்.

ஸ்டெப் 3: முடிவு எடுக்குற மூளை

பைல நோட்-ரெட் (முடிவு எடுக்குற சாஃப்ட்வேர்), மஸ்கிட்டோ (மெசேஜை வாங்கி அனுப்புற சாஃப்ட்வேர்) ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க. நோட்-ரெட்ல ப்ரோக்ராம் அதிகம் எழுத வேணாம், கட்டங்களை இழுத்து போட்டு கோடு இழுத்து இணைக்கிறது தான், அதே வைஃபைல இருக்குற லேப்டாப் ப்ரவுசர்ல பையோட ஐபி அட்ரஸ் போட்டு 1880 போர்ட் அடிச்சா திறக்கும். திறந்த உடனே பாஸ்வேர்டு போட்டுடுங்க.

10 செகண்டுக்கு ஒரு தடவை சென்சாரை படிக்க சொல்லுங்க. அடுத்த கட்டத்துல ஒரு வடிகட்டி: 85 டிகிரின்னு வந்தா தூக்கி போட்டுடணும். அது ரூம் சூடு இல்ல, சென்சாருக்கு கரண்ட் ஒழுங்கா போகலன்னா அது காட்டுற ஆரம்ப மதிப்பு. இதை விட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் சும்மா எழுந்து ஓடி வருவாரு, ரெண்டு தடவை அப்படி ஆச்சுன்னா மூணாவது தடவை சைரன் ஒயரை புடுங்கிடுவாரு, நியாயமும் கூட.

அதே காரணத்துக்காக மைனஸ் 15-ஐ தாண்டின உடனே அலாரம் வேணாம். லோடு ஏத்தும்போது கதவு திறந்தா சூடு ஏறத்தான் செய்யும். தொடர்ந்து 10 நிமிஷம் மைனஸ் 15-க்கு மேலயே இருந்தா ரிலேவை ஆன் பண்ணி சைரன் அடிக்கணும்னு வைங்க. இந்த மொத்த முடிவும் பைக்குள்ளயே நடக்குது பாருங்க, இன்டர்நெட்டுக்கு இதுல வேலையே இல்ல. எட்ஜ்னு சொல்றது இதைத்தான்.

ஸ்டெப் 4: க்ளவுடுக்கு எதை அனுப்பணும்

10 செகண்டுக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 8,640 ரீடிங். எல்லாத்தையும் அனுப்ப எந்த அவசியமும் இல்ல, 5 நிமிஷத்துக்கு ஒரு சராசரி போதும், நாளைக்கு 288 மெசேஜ் தான். சென்னைல உக்காந்திருக்குற முதலாளி போன்ல பார்க்கவும் மாசக் கடைசில ரிப்போர்ட் எடுக்கவும் அது தாராளம்.

நோட்-ரெட் அந்த சராசரியை பைக்குள்ள இருக்குற மஸ்கிட்டோவுக்கு எம்க்யூடிடி-ல (சின்ன மெஷின்கள் மெசேஜ் அனுப்பிக்கிற முறை) குடுக்கும், மஸ்கிட்டோ 'பிரிட்ஜ்'ங்கற இணைப்பு மூலமா க்ளவுடுக்கு தள்ளும். க்யூஓஎஸ் 1 வைங்க (மெசேஜ் போய் சேர்ந்துச்சான்னு உறுதி பண்ணிக்கும்), பெர்சிஸ்டன்ஸ் ஆன் பண்ணுங்க (வரிசையை கார்டுல சேமிச்சு வைக்கும்), பிரிட்ஜ்ல க்ளீன் செஷன் ஃபால்ஸ் (தொடர்பு அறுந்தாலும் வரிசையை அழிக்காது). அப்பதான் நெட் இல்லாத நேரத்து மெசேஜ் எல்லாம் வரிசையில காத்திருந்து நெட் வந்த உடனே போகும். மஸ்கிட்டோ புது வெர்ஷன்ல வரிசை அளவு வழக்கமா 1,000 மெசேஜ், நம்ம கணக்குக்கு மூன்றரை நாள் கூட தாங்காது, புயல் அடிச்சா பத்தாது, 10,000-னு மாத்திடுங்க, ஒரு மாசத்துக்கு மேல தாங்கும். இன்னொண்ணு, மஸ்கிட்டோ 2.0-லருந்து அதோட செட்டிங்ஸ் ஃபைல்ல நாம லிசனர் 1883-னு (1883-ம் போர்ட்ல வெளி மெஷினையும் கேளுன்னு அர்த்தம்) எழுதிக் குடுக்கலன்னா வேற மெஷினை உள்ள விடாது, போன்லருந்து கனெக்ட் ஆகலன்னு முழிக்கிறவங்க முதல்ல அதைப் பாருங்க.

ஸ்டெப் 5: கரண்டும் கடிகாரமும்

பெரும்பாலான டுடோரியல்ல இதை விட்டுடறாங்க, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமா படுது. கரண்ட் போற நேரத்துல தான் ரூம் சூடாகும், அந்த நேரத்துல பையும் சேர்ந்து அணைஞ்சா இவ்வளவு வேலையும் வீண். பை, சைரன், வைஃபை ரவுட்டர் மூணும் இன்வெர்ட்டர் லைன்ல தான் இருக்கணும்.

பை 4-க்குள்ள கடிகாரம் கிடையாது, நேரத்தை நெட்லருந்து தான் எடுத்துக்கும். நெட்டும் இல்ல, இன்வெர்ட்டரும் தீர்ந்து பை அணைஞ்சு திரும்ப எழுந்ததுன்னா பழைய நேரத்தை வெச்சுக்கிட்டு ரீடிங் எழுதும், எப்ப சூடு ஏறிச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் டிஎஸ்3231, பட்டன் பேட்டரில ஓடும். ரீடிங் எடுத்த நேரத்தை மெசேஜுக்குள்ளயே சேர்த்து அனுப்புங்க, க்ளவுடுக்கு வந்து சேர்ந்த நேரத்தை நம்பாதீங்க.

ஸ்டெப் 6: டெஸ்ட்

ரவுட்டர்லருந்து ஃபைபர் ஒயரை கழட்டிடுங்க. சென்சாரை வெளிய எடுத்து 10 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேலயே வைங்க, சைரன் அடிக்கணும். ஒரு மணி நேரம் கழிச்சு ஃபைபரை மாட்டினா விட்டுப்போன சராசரி எல்லாம் சரியான நேரத்தோட க்ளவுட்ல வந்து நிக்கணும். அடுத்து மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு இன்வெர்ட்டர்ல இதே டெஸ்ட்டை திரும்ப பண்ணுங்க. அக்டோபர்ல வடகிழக்கு பருவமழை வந்துடும், அதனால செப்டம்பர்லயே, சரக்கு கம்மியா இருக்குற ஒரு நாளா பார்த்து பண்ணிடுங்க.