மோட்டார் சைக்கிளுக்குப் புதிய செயினும் ஸ்ப்ராக்கெட்டும்: பார்த்து வாங்கி, சுத்தம் செய்து பொருத்தும் முறை

செயின் நீண்டுவிட்டது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். செயினின் பக்கத் தகடுகளின் நீளம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முளை, அதைச் சுற்றி புஷ் எனப்படும் ஒரு சிறு குழல், அதற்கும் வெளியே ஒரு ரோலர் என்று மூன்று பாகங்கள் இருக்கின்றன. செயின் ஸ்ப்ராக்கெட் எனப்படும் பற்சக்கரத்தின் மீது வளைந்து நிமிரும்போதெல்லாம் முளை புஷ்ஷுக்குள் சிறிது திரும்புகிறது, அந்த உரசலில் இரண்டும் தேய்கின்றன. 110 கண்ணிகள் கொண்ட ஒரு செயினில் மூட்டுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்த நீளம் 11 மில்லிமீட்டர் கூடிவிடும். தேய்மானம் நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாத அந்த உட்பகுதிதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தச் செயினை வாங்குவது, எதைக் கொண்டு துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது என்ற கேள்விகளுக்கு விடை எளிதாகிவிடும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லா வேலைகளையும் இந்த நிலையிலேயே, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். நேரம் மிச்சமாகிறது என்பதற்காக அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில், அதாவது டயரின் பின்பக்கம் பார்த்த இடத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் உயரத்தில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்துவிட்டது. துல்லியமாக அறிய விரும்புபவர்கள், செயினை விறைப்பாக வைத்து, ஒரு முளையின் மையத்திலிருந்து எண்ணத் தொடங்கி 21-ஆவது முளையின் மையம் வரை அளக்கலாம். 428 எண் செயின் புதிதாக இருக்கும்போது இந்த நீளம் 254 மில்லிமீட்டர். இரண்டு சதவீதம் கூடினால் 259 மில்லிமீட்டர். சாதாரணச் செயினுக்குப் பொதுவாக அதுதான் எல்லை. ரப்பர் வளையம் உள்ள செயின்களுக்கு எல்லை இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல வளைந்திருந்தாலும், இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளம் வட்டவடிவம் இழந்து நீண்டிருந்தாலும் அதுவும் முடிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்

முதல்முறை நான் இந்த வேலையைச் செய்தபோது, ஸ்ப்ராக்கெட்டுகள் பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கின்றன என்று எண்ணிச் செயினை மட்டும் மாற்றினேன். சில மாதங்களிலேயே புதிய செயினில் இரைச்சல் தொடங்கிவிட்டது. காரணத்தைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். பழைய ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் நீண்டுபோன பழைய செயினின் இடைவெளிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். சரியான இடைவெளியுள்ள புதிய செயின் அதன்மீது உட்காரும்போது சுமை எல்லாப் பற்களிலும் பரவாமல் ஓரிரு பற்களில் மட்டுமே விழுகிறது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒன்றாகத் தேய்ந்தவை. ஒன்றாகவே மாற வேண்டும். கடையில் செயின் கிட் அல்லது செயின் செட் என்று கேட்டால் மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கும்.

எண்களைப் படிக்கும் விதம்

செயினின் பக்கத் தகட்டில் 428, 520, 525 என ஏதேனும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம், அடுத்தடுத்த இரண்டு முளைகளின் இடைவெளி ஒரு அங்குலத்தில் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், 5 என்றால் 15.875 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் தகடுகளுக்கு இடையேயுள்ள அகலத்தைக் குறிக்கின்றன. 520-இல் அது கால் அங்குலம், 525-இல் ஐந்து பதினாறாம் பங்கு, 530-இல் எட்டில் மூன்று பங்கு. நம் ஊரில் அன்றாடம் ஓடும் 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலானவை 428 வகையைச் சேர்ந்தவை. கேடிஎம் டியூக் 390 போன்றவற்றில் 520 இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் எச் என்ற எழுத்து இருந்தால் தகடுகள் தடிமனானவை என்று பொருள்.

இந்த எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கண்ணிகளின் எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை லிங்க் என்பார்கள். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறிமாறி வருவதால் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே அமையும். பழைய செயினைக் கீழே கிடத்தி எண்ணிப் பாருங்கள். நீளத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனெனில் பழையது நீண்டிருக்கும்.

ஸ்ப்ராக்கெட்டில் பற்களின் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருக்கும். பின் பற்களை முன் பற்களால் வகுத்தால் வருவது இறுதி விகிதம். எடுத்துக்காட்டாக 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. முன்னால் ஒரு பல் கூட்டி 15 ஆக்கினால் 2.8. ஒரே வேகத்தில் எஞ்சின் சற்று நிதானமாகச் சுழலும் என்பது உண்மைதான், ஆனால் பின்னால் ஆள் அமர்ந்திருக்கும்போதோ மலைப்பாதையில் ஏறும்போதோ இழுவை குறைந்துவிடும். முதல்முறையாக மாற்றுபவர் நிறுவனம் கொடுத்த அதே எண்ணிக்கையில் நிற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தேர்வு சாதாரணச் செயினா, ரப்பர் வளையம் உள்ள செயினா என்பது. ஓ-ரிங், எக்ஸ்-ரிங் எனப்படும் வகைகளில் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையே ஒரு சிறு வளையம் இருந்து, ஆலையில் முளைக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அடைக்கப்பட்ட கிரீஸை வெளியேறவிடாமலும் தூசியை உள்ளே நுழையவிடாமலும் காக்கிறது. செயினைத் திறந்தபடி ஓட்டும் பெரிய வண்டிகளுக்கு இது மிகவும் தேவை. முழுச் செயின் கவர் உள்ள சிறிய வண்டிகளுக்குச் சாதாரணச் செயினே போதும். வளையச் செயின் அகலம் கூடியது என்பதால் சில வண்டிகளில் கவரிலோ எஞ்சின் உறையிலோ உரசும் வாய்ப்பும் உண்டு.

தயாரிப்பாளரைப் பொறுத்தவரை, வண்டி நிறுவனத்தின் சொந்த உதிரிபாகத்தையோ பெயர்பெற்ற செயின் நிறுவனத்தின் பொருளையோ வாங்குங்கள். கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம் தயாரிக்கும் ரோலான், முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் டயமண்ட் என நம் மாநில நிறுவனங்களே இத்துறையில் முன்னணியில் இருக்கின்றன. பெயரை மட்டும் நம்பிவிடாமல் கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். தகடுகளில் எண் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா, ரோலர்கள் ஒவ்வொன்றும் விரலால் தள்ளினால் சுழல்கின்றனவா, எந்த மூட்டாவது விறைத்து நிற்கிறதா என்று கவனியுங்கள். பழைய பின் ஸ்ப்ராக்கெட் கையில் இருந்தால் புதியதை அதன்மேல் வைத்து போல்ட் துளைகளையும் நடுத்துளையையும் ஒப்பிடுவது மிக நல்லது.

கழற்றுதல்

செயின் இன்னும் வண்டியில் இருக்கும்போதே, முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைத் திறந்து, ஓர் உதவியாளரைப் பின் பிரேக்கை அழுத்தச் சொல்லி, முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். செயினை எடுத்துவிட்டால் ஸ்ப்ராக்கெட் சுழன்றுகொண்டே இருக்கும், ஸ்பானர் பிடிக்காது. பிறகு செயின் கவரைக் கழற்றி, பின் சக்கர அச்சின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினின் இறுக்கத்தைச் சரிசெய்யும் இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளினால் செயின் தொய்ந்துவிடும். செயின் லாக், அதாவது கிளிப்பால் மாட்டிக் கழற்றக்கூடிய இணைப்பு, இருக்கும் கண்ணியைத் தேடிப் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் கொண்டுவந்து, நோஸ் பிளையரால் கிளிப்பை நகர்த்தி எடுங்கள். லாக் இல்லாமல் ரிவெட் அடிக்கப்பட்ட செயினாக இருந்தால், அதற்கான கருவி இல்லாமல் வீட்டில் முயலவேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றச் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டும்; டிரம் பிரேக் வண்டியில் அதற்குப் பிரேக் ராடையும் விடுவிக்க வேண்டும்.

பழைய இடத்தைச் சுத்தம் செய்தல்

தொடங்குபவர்கள் அதிகம் அவசரப்படும் இடம் இது. முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் பல ஆண்டு எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுத்த களிம்பாக இறுகியிருக்கும். மரக்குச்சியால் பெயர்த்தெடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். எஞ்சினிலிருந்து வெளிவரும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற வளையம் இருக்கிறது. அதைக் கூரான எதுவும் தொடக் கூடாது. அந்த இடம் ஈரமாக இருந்தால் சீல் கசிகிறது, அதையும் இப்போதே மாற்றிவிடலாம். செயின் கவரின் அடிப்பகுதியில் சேர்ந்த மண்ணையும் முழுவதுமாக அகற்றுங்கள், இல்லாவிட்டால் புதிய செயின் முதல் நாளிலேயே அந்த மண்ணை அள்ளிக்கொள்ளும்.

பின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், முகப்பைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். அங்கே துரு மேடோ ஒரு மணல் துகளோ இருந்தால் ஸ்ப்ராக்கெட் ஒரு நூலிழை சாய்ந்து உட்காரும். பிறகு நீங்கள் எவ்வளவு சரிசெய்தாலும் செயின் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொய்ந்துகொண்டே இருக்கும். ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கி, ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் அசைத்தால் தாராளமாக ஆடினால், அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதிய பாகங்களைச் சுத்தம் செய்தல்

புதிய ஸ்ப்ராக்கெட்டுகளில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி, பற்களின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

செயின் விஷயம் வேறு. பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று புதிய செயினை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஊறப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணச் செயினின் முளைக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஆலையிலேயே மசகு ஏற்றியிருக்கிறார்கள். ஊறவைத்தால் தேய்மானம் நடக்கும் அந்த இடத்திலிருந்தே அது கரைந்து போய்விடும், மேலே விடும் எண்ணெய் அதே அளவுக்கு உள்ளே சேர்வது கடினம். ஆகவே புதிய செயினின் வெளிப்புறத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஓடி அழுக்கான செயினுக்கு மட்டுமே மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் ஸ்ப்ரே. அப்போதும் நீண்ட நேரம் ஊறவிடாமல், மென்மையான பிரஷால் தேய்த்து உடனே துடைத்து உலர்த்த வேண்டும். வளையச் செயினுக்குப் பெட்ரோல், கம்பி பிரஷ், அழுத்த நீர் மூன்றும் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இந்த வேலையைச் செய்யுங்கள். அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் வைத்தால், கசடு அடியில் தங்கியதும் மேலுள்ளதை அடுத்தமுறை பயன்படுத்தலாம்.

பொருத்துதல்

பின் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, லாக் வாஷர் இருந்தால் அதன் காதை மடக்குங்கள். சக்கரத்தை மீண்டும் மாட்டி, முன் ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தி, செயினைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் அருகருகே உட்காரவைத்தால் லாக் கண்ணியை நுழைப்பது எளிது. கிளிப்பின் மூடிய முனை செயின் நகரும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில், அதாவது இரு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையே மேலாகச் செல்லும் பகுதியில், அது வண்டியின் முன்பக்கம். தலைகீழாகப் போட்டால், எதிலாவது உரசும்போது திறந்த முனை மாட்டிக்கொண்டு கிளிப் கழன்றுவிடும். இந்த ஒன்றை இரண்டுமுறை சரிபாருங்கள்.

இரு அட்ஜஸ்டர்களிலும் குறி ஒரே கோட்டில் இருக்கும்படி சக்கரத்தைப் பின்னே இழுத்து, கீழ் ஓட்டத்தின் நடுவில் செயினை மேலும் கீழும் அசைத்துத் தொய்வை அளங்கள். சிறிய வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர். சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை அளந்து, பிரேக் ராடை மாட்டி, முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளையும் முழுதாக இறுக்கி, பெடலின் தளர்வையும் பிரேக் விளக்கையும் சோதித்துவிட்டே வண்டியைத் தெருவுக்கு எடுங்கள்.

எண்ணெய்க்கு எஸ்ஏஇ 90 கியர் ஆயிலோ செயின் லூப் ஸ்ப்ரேயோ ஏற்றது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் உலோகத் துகள்கள் இருப்பதால் அது வேண்டாம். கீழ் ஓட்டத்தின் உட்புறத்தில், தகடுகள் சந்திக்கும் இடுக்குகளில் ஒரு சுற்று விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் படக் கூடாது. ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது விட்டால் நன்றாக உள்ளே இறங்கும்.

புதிய செயின் முதலில் சற்று விரைவாகத் தளரும். 200 கிலோமீட்டரில் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை தொய்வைப் பார்த்துவிட்டு, பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் விடுங்கள்; மழையில் ஓட்டினால் அன்றே விடுங்கள். அதே எண்ணுள்ள ஒரு செயின் லாக்கை வாங்கி வண்டியின் டூல் பையில் போட்டுவையுங்கள்.