மரச்சாமான்களைத் தானம் கொடுப்பதற்கு முன்

வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்ததுமே தொண்டு நிறுவனத்துக்கு ஃபோன் செய்துவிடுங்கள். வண்டி வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். சாவியை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். மாடிப்படி ஏறி எடுப்பார்களா, வாசல் வரை நாம்தான் கொண்டுவர வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பெரியம்மா வீட்டைக் காலி செய்தபோது ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, நீள அகல உயரத்தோடு அனுப்பினேன். மேசையிலிருந்த கீறலையும் மறைக்கவில்லை. வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிப் போனால் இரு தரப்புக்கும் வீண் அலைச்சல்தானே.

மெத்தையைப் பல இடங்களில் வாங்குவதில்லை. முக்கியக் காரணம் மூட்டைப்பூச்சியும் கறையும். சோபாவின் தையல் மடிப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் கொடுக்காதீர்கள். மரத்தில் பொடி ஓட்டைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆடும் நாற்காலி பரவாயில்லை, பழுதுபார்த்து விற்கும் இடங்கள் உண்டு. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளை ஒரு பையில் போட்டு, சட்டத்திலேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். திருகாணி இல்லாத கட்டில் வெறும் விறகு!

அப்புறம், இழுப்பறைகளை முழுசாக வெளியே உருவிப் பாருங்கள். பின்பக்கம் விழுந்த கடிதமும் சாவியும் அங்கேதான் கிடக்கும். பெரியம்மாவின் பீரோவில் தாத்தாவின் மூக்குக் கண்ணாடி கிடைத்தது.