நாவல் திருத்தத்தின் நடுவே ஒரு சிறுகதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவலைத் திருத்தத் தொடங்கிப் பாதி தூரம் போனதும் புதிய சிறுகதை ஒன்று மனதில் வந்து நிற்கும். எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஆனால் அது எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாயகி ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்பது பிடிபடாமல் மூன்று நாளாக முட்டிக்கொண்டிருந்தபோது வந்ததா? அப்படியானால் நீங்கள் நாவலிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள். கதையை நான்கு வரியில் குறித்து வையுங்கள். அந்த அத்தியாயத்தில் சிக்கல் என்ன என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அப்புறம் கதைக்குப் போகலாம். நான் ஒருமுறை அப்படி எழுதி வைக்காமல் போய்விட்டேன். ஏழு மாதம் கழித்துக் கைப்பிரதியைத் திறந்தால், எதை மாற்ற நினைத்தேன் என்பதே நினைவில் இல்லை.

உண்மையில் சிறுகதைக்கு நல்ல நேரம் திருத்தம் தொடங்குவதற்கு முன்புதான். முதல் வரைவை முடித்ததும் குறைந்தது 6 வாரம் அதைத் தொடாமல் வையுங்கள், அந்த இடைவெளியில் சின்னதாக வேறொன்றை எழுதுங்கள் என்கிறார் அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிங். இந்த இடைவெளியை விடாமல் மறுநாளே திருத்த உட்கார்ந்தால், தாளில் இருப்பதைப் படிக்கமாட்டோம். மனதில் இருப்பதைத்தான் படிப்போம்.

இரண்டையும் ஒரே காலத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால், பெரிய ஆபத்து நடை கலந்துபோவது. சிறுகதையை 'நான்' என்று சொல்லும் ஒரு கோபக்காரன் துண்டு துண்டான வாக்கியங்களில் பேசுகிறான் என்று வையுங்கள். அதிலிருந்து எழுந்து நேராக நாவலுக்குப் போனால், அங்கே நிதானமாக நினைவுகூரும் மூதாட்டியும் அவனைப் போலவே வெடுக்கென்று பேசத் தொடங்குவாள். எழுதுகிறவருக்கு இது தெரியாது, படிக்கிறவருக்கு உடனே தெரியும். ஒரே அமர்வில் இரண்டையும் தொடாதீர்கள். நாவலுக்குத் திரும்பும்போது, ஏற்கெனவே சரியாக அமைந்துவிட்ட இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காது பழைய குரலைப் பிடித்துக்கொள்ளும்.

தலைகீழாகவும் நடக்கும். நாவலின் பழக்கத்தில் சிறுகதைக்குள் தாத்தா காலத்துக் கதை, இரண்டு கிளைப்பாத்திரம், ஒரு பயணம் எல்லாம் நுழைந்துவிடும். சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, படிப்பவர் மனதில் ஒரே விளைவை உண்டாக்குவதை நோக்கிச் செல்வதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். எல்லாக் கதைக்கும் இது விதியல்ல, ஆனால் நாவலுக்கு நடுவே எழுதுகிறவருக்கு நல்ல கடிவாளம்.

நாவலில் வெட்டிய அத்தியாயத்தை அப்படியே சிறுகதையாக்கும் ஆசை வேறு வரும். அந்த அத்தியாயத்தின் பலம் முந்தைய நூறு பக்கத்தில் இருந்தது. தனியே எடுத்தால் நிற்காது. பழைய பக்கங்களை மூடிவைத்துவிட்டு அந்தச் சம்பவத்தைப் புதிதாக எழுதிப் பாருங்கள்.

நேரம் இரண்டாகப் பிரிந்துவிட்டதால், நாவலுக்குக் கிடைக்கும் அரைமணியில் சொல்லை மாற்றுவது, காற்புள்ளி வைப்பது என்று எளிய வேலையில் கை போகும். இருக்குமா போகுமா என்று முடிவாகாத அத்தியாயத்துக்கு மெருகேற்றாதீர்கள். மெருகேற்றிய பிறகு வெட்ட மனம் வராது, நானே அப்படிச் சில மோசமான பக்கங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். காட்சிகளின் வரிசை, யார் எப்போது எதைத் தெரிந்துகொள்கிறார்கள், முடிவு ஆகிய மூன்றும் நிலைத்த பிறகு வாக்கியங்களுக்கு வாருங்கள்.

கோப்புக்குத் தேதியோடு பெயர் வையுங்கள். ஒவ்வொரு நாளும் எழுத்து மேசையை விட்டு எழுவதற்கு முன் அடுத்து செய்யவேண்டியதைக் கடைசி வரியாக எழுதிவிடுங்கள், நாவலுக்கும் சரி, கதைக்கும் சரி.