கடலுக்கடியில் கலாட்டா: டைவ் கூட்டாளியிடம் செய்யக்கூடாத குறும்புகள்

புதுச்சேரிக்கு நண்பர்கள் கூட்டமாக வந்து, காலையிலேயே படகேறி ஸ்கூபா டைவ் போவது இப்போது சகஜமாகிவிட்டது. படகில் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே வருகிறவர்களுக்கு நீருக்குள்ளும் கை சும்மா இருக்காது. இருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிரிப்பில்லாத டைவ் எனக்கும் பிடிக்காது. ஆனால் கூட்டாளியின் மூச்சு, பார்வை, மிதப்பு, கைச்சைகை, இந்த நான்கிலும் கை வைக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு மாஸ்க்கை இழுத்துவிடுவது. “டிரெய்னிங்ல மாஸ்க்குக்குள்ள தண்ணி விட்டு வெளியேத்தப் பழகினவன்தானே, சமாளிச்சுக்குவான்” என்பார்கள். பயிற்சியில் தண்ணீர் வரப்போவது தெரியும், மனசு தயாராக இருக்கும். எதிர்பாராத நேரத்தில் மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும், கண் மங்கும், நினைப்பதற்குள் கால் உதைத்து உடம்பு மேலே பாயும். மூச்சை அடக்கியபடி மேலே பாய்வதைவிட ஆபத்தானது டைவிங்கில் குறைவு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். வெளியேற வழி இல்லையென்றால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம். இதற்கு அதிக ஆழம்கூடத் தேவையில்லை. நீச்சல்குளத்திலேயே இப்படி நடந்திருக்கிறது.

அடுத்தது, பின்னால் போய் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வேடிக்கை பார்ப்பது. இதை விளையாட்டு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. குழாயில் மிச்சமிருக்கும் காற்று ஓரிரு மூச்சுக்குத்தான் வரும், அப்புறம் எதுவும் வராது. தொடக்கநிலைச் சான்றிதழ் உள்ளவர்கள் போகக்கூடிய 18 மீட்டரில், ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பில் இழுப்பதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு காற்றைக் குடிக்கும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் அதிகம். அவசரமாகத் திரும்பத் திறந்துவிட்டவர் பாதிதான் திறந்திருந்தால், சிக்கல் உடனே தெரியாது. இன்னும் ஆழத்துக்குப் போனபிறகுதான் மூச்சு இழுபடும். மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் அழுத்தமானியின் முள் கீழே இறங்கி ஏறினால், வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் அங்கி) பையில் கல்லைப் போடுவதும் இப்படித்தான். பாரம் கூடியது தெரியாமல் கூட்டாளி மிதப்புக்காகக் காற்றை ஏற்றிக்கொண்டே இருப்பார். கல்லைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டதும், ஏற்றிய காற்று அவரை மேலே இழுத்துக்கொண்டு போகும். அவருடைய பிசிடியில் காற்றேற்றும் பொத்தானை நீங்கள் அமுக்கிவிட்டாலும் கதை அதேதான்.

பொய்ச் சைகை பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் ஆபத்தில்லாதது என்று நினைக்கிறார்கள். உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோல் அசைத்தால் ‘என்னிடம் காற்று இல்லை’ என்று பொருள். அதைக் கண்டதும் கூட்டாளி எதையும் யோசிக்காமல் தன் மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க வாயில் வைக்கும் கருவியில் உபரியாக இருப்பது) நீட்ட வேண்டும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை சும்மா காட்டிச் சிரித்துவிட்டால், அடுத்தமுறை நிஜமாகக் காட்டும்போது அவர் ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்ப்பார், சிரிக்கிறீர்களா என்று. காற்றில்லாதவருக்கு அந்த நொடி மிக நீளம். கட்டைவிரலைத் தூக்குவதும் அப்படியே: கரையில் அது ‘சூப்பர் மச்சான்’, நீருக்குள் ‘மேலே போகலாம்’.

ஒளிந்துகொள்வதும் வேண்டாம். மழைக்குப் பிறகு நம் கடற்கரையோரம் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். சில மீட்டர் தள்ளிப்போனாலே ஆள் மறைந்துவிடுவார். கூட்டாளியைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வர வேண்டும் என்பது விதி. அவர் விதிப்படி தனியாக மேலே வருவார். அங்கே மீன்பிடிப் படகுகள் போய்வந்துகொண்டிருக்கும்.

உயிரினங்களை வைத்து விளையாடுவதில் இரட்டைத் தவறு. பேத்தை மீனைச் சீண்டி ஊதவைத்துக் கூட்டாளி முகத்துக்கு நேரே விடுவதில் அந்த மீன் படும் பாடு கொஞ்சமல்ல. கடலட்டை, கடல்குதிரை போன்றவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, தூக்கி எறிய அவை பொம்மையல்ல. சிங்கமீனின் முள்ளில் விஷம் உண்டு. கூட்டாளியை அதன் பக்கம் தள்ளினால் வலியில் துடிப்பார்.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் உடம்பையும், நீருக்குள் எழுதிக்காட்ட வைத்திருக்கும் உங்கள் ஸ்லேட்டையும் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். தலைகீழாகத் தொங்கி எதுவும் நடக்காததுபோல ‘ஓகே’ காட்டலாம். கூட்டாளி மும்முரமாகப் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்லேட்டில் “மதியம் பிரியாணி உன் செலவு” என்று எழுதி நீட்டலாம். மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறோமே, கல்-கத்தரி-காகிதம் விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிரிக்கும்போது கன்னம் மடிந்து மாஸ்க்கில் தண்ணீர் கசியும், அதனால் மாஸ்க்கிலிருந்து தண்ணீரை நிதானமாக வெளியேற்றத் தெரிந்தவரிடம்தான் இதுவும். முதல்முறை இறங்குகிறவரிடம் எந்தக் குறும்பும் வேண்டாம்.

தெரியாமல் ஏதாவது செய்து கூட்டாளி பதறிவிட்டால், உடனே அவருடைய பிசிடி பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பார்த்து, கையை மெதுவாக ஏற்றி இறக்கி மூச்சை நிதானமாக விடச் சொல்லுங்கள். தேவையென்றால் மாற்று ரெகுலேட்டரைக் கொடுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் சேர்ந்து மேலே வாருங்கள். அவர் வேகமாக மேலே போய்விட்டிருந்தால், படகில் ஏறியதும், டைவை வழிநடத்தும் டைவ் மாஸ்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி, மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம் இதில் எது தெரிந்தாலும் படகிலேயே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதுவும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும் அன்றைக்கு இரண்டாவது டைவ் கிடையாது.